மல்வேர்னில் எடுத்த பட்டமளிப்புப் படம்

சனிக்கிழமை, பிற்பகல் 2.40

பிராங்ஃபேர்ட்டில் பகல் பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பிய விமானம் எட்டரை மணித்தியாலம் பறந்து ரொறன்ரோவில் இறங்கியது. கைக்கடிகாரத்தை ஆறு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். 1996ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாத நடுப்பகுதி. கனடாவுக்கு இது என் முதல் பயணம். அண்ணையைக் கண்டு பதினொரு வருடம் ஆகியிருந்தது.

பக்கத்து இருக்கையில் ஸ்ருட்கார்ட்டில் இருந்து வந்த ஒரு அன்ரி. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார். கைப்பையில் கறிக்குப் போடும் சரக்குத்தூள் இரண்டு கிலோ இருக்கிறது, சுங்கத்தில் பறித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வந்தார். கிறீன்லாந்தின் பனியை யன்னலால் காட்டினேன். அதைவிட என்மேல்தான் அவருக்கு அக்கறை.

"தம்பி ஜேர்மனியில என்ன செய்யிறியள்?"

"யூனிவேர்சிற்றியில படிக்கிறன் அன்ரி. பௌதிகவியல்."

"எட, பௌதிகமோ! முடிச்சிட்டியளோ?"

"ஓம்."

இனி வாழ்நாளில் காணப்போகாத ஒரு மனிசியிடம்கூட எனக்கு உண்மை வாயில் வரவில்லை. என் கோட்டின் உட்பையில் பரீட்சை அலுவலகத்தின் கடிதம் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. அதில் இரண்டு பந்தி, ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. டிப்ளோம் எனப்படும் இறுதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சையில் நான் இரண்டாம் தடவையும் சித்தியடையவில்லை என்பது முதற் பந்தி. ஆகையால் இனி அந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பௌதிகவியலைத் தொடர முடியாது என்பது இரண்டாம் பந்தி. ஜேர்மன்காரர் எதையும் சுற்றிவளைத்துச் சொல்வதில்லை.

கடிதம் கிடைத்த அன்றே அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "பாஸோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் அழுவது கேட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்வோம் என்று ரிக்கற் எடுத்தேன். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

குடிவரவு அதிகாரி என் நீல நிற அகதிப் பயணப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார். மாணவன் என்றேன். மாணவர் அட்டையைக் காட்டச் சொன்னார். அது செப்ரெம்பர் முப்பதுவரை செல்லும். மாணவன்தான் செல்லாது. அவர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே அண்ணை நின்றார். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு எட்டி நின்று பார்த்து, "படிச்சுப் படிச்சு மெலிஞ்சு போனாய்" என்றார்.

விமான நிலையத்தில் இருந்து மல்வேர்ன் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். நானூற்றியோராம் இலக்க நெடுஞ்சாலையில் வான் வண்டி ஊர்ந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆறு, ஏழு வரிசை. மல்வேர்ன் ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளும், இடையிடையே வாடகைக்கு விடும் உயரமான கட்டடங்களும், வேலை முறைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லும் பஸ்களும். அண்ணையின் வீடு நீல்சன் வீதிக்குக் கிட்ட, ஒன்பதாம் மாடியில். அண்ணியையும் மகள் அபிராமியையும் அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அபிராமிக்கு ஏழு வயது.

"சித்தப்பா, ஆர் யூ எ ரியல் சயின்ரிஸ்ற்?" என்றாள். அண்ணி அவளைத் தமிழில் கேட்கச் சொன்னார். தமிழில் கேட்கமுன் நான் குளிக்கப் போய்விட்டேன்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. நான் ஜேர்மனிக்குப் புறப்பட்ட நாளுக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்தில் எடுத்தது. அண்ணையும் நானும் வெள்ளைச் சேர்ட்டோடு விறைத்துப்போய் நிற்கிறோம். அதற்குப் பக்கத்தில் புது ஆணி ஒன்று அடித்திருந்தது. அதில் எதுவும் தொங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.15

"வா, உனக்கொரு இடம் காட்டோணும்" என்றார் அண்ணை. நகரத்துக்குள் வான் நிறுத்த இடம் கிடையாதென்று பஸ்ஸில் போனோம். ஆளுக்கு இரண்டு டொலர். பஸ்ஸில் ஏறி, ஸ்காபரோ ரவுண் சென்ரரில் சின்ன ரயிலுக்கு மாறி, கெனடியில் பாதாள ரயிலுக்கு மாறி, சென் ஜோர்ஜ் நிலையத்தில் இறங்க ஒன்றேகால் மணித்தியாலம். அங்கிருந்து தெற்கே பத்து நிமிட நடை.

அண்ணை காட்ட விரும்பிய இடம் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் கட்டடம். விடுமுறை, அதுவும் ஞாயிறு. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தார்.

"நான் இரண்டு தரம் வந்து பாத்திட்டுப் போனனான். இனி நீ மேல படிக்கிறதெண்டால் இஞ்சையே வா. எங்களோட இருந்து படிக்கலாம்."

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவர் அண்ணை. சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் கைதவறிப் போனது. இப்போது காருக்கு பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறார். காலை ஏழு முதல் பிற்பகல் மூன்றரை வரை. அவருடைய பௌதிகக் கொப்பிகள்தான் எனக்கு வந்தன. சைக்கிள் பாரில் என்னை இருத்தி, ரியூட்டரி வகுப்புக்குப் போய்ச் சேரும்வரை நிறுவல்களை வரி வரியாகச் சொல்ல வைப்பார். ஒரு வரி பிசகினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களில் நிறையப் பேர் அப்படித்தான் படித்தோம். முழுப் புள்ளியும் வாங்கினோம்.

ஜேர்மனியில் பௌதிகவியல் துறை வேறு மாதிரி. விரிவுரை முடிந்தால் மாணவர்கள் கை தட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். வரவு எடுப்பதில்லை. வருடக்கணக்காக எவரும் நம்மை எதுவும் கேட்பதில்லை. கடைசியில் ஒரு நாள், பேராசிரியரின் அறையில், குறிப்பெடுக்கும் ஒரு சாட்சியோடு அரை மணித்தியாலம் உட்கார வேண்டும். என் பேராசிரியர் நல்ல மனிதர். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு, உயரமான சுவர்களுக்கு நடுவே அடைபட்ட ஒரு துகளைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த விஷயம். ஒரு வரி பிசகாமல் நிறுவி முடித்தேன். அவர் தலையாட்டினார்.

"ஒரு பக்கச் சுவரின் உயரத்தைக் குறைத்துப் பதித்துவிடுவோம். கணக்குச் செய்யாமல் சொல்லுங்கள், துகளுக்கு என்ன நடக்கும்?"

நான் முதலாவது சமன்பாட்டில் இருந்து மறுபடியும் தொடங்கினேன். நிறுத்தினார். கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். நான் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினேன். மூன்றாம் தடவை அவர் மெதுவாகச் சொன்னார்: "தெரியாது என்று சொல்லலாம். அது பிழை இல்லை. அதற்குப் பிறகு இருவருமாக யோசிக்கலாம்." அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, இரண்டாம் தடவையும் இதே கூத்துத்தான் நடந்தது. வெளியே நடையில் ஐந்து நிமிடம் நிற்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்துத்தான் முடிவு எனக்கு விளங்கியது.

பூட்டிய அந்தக் கதவடியில் வைத்துச் சொல்லியிருக்கலாம். வாய் எடுத்தேன். அதற்குள் அண்ணை சேர்ட் பையில் இருந்து ஒரு தாளை விரித்தார். தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைக்கு விளம்பரம். அரைப் பக்கம் ஏற்கனவே பதிவு செய்துவிட்டாராம்.

"ஜேர்மனியில் பௌதிகவியற் பட்டம் பெற்ற எங்கள் அன்புத் தம்பி ரவீந்திரனை வாழ்த்துகிறோம்." கீழே அண்ணை, அண்ணி, அபிராமி, மல்வேர்ன்.

"புதன்கிழமை ஆறு மணிக்குள்ள படம் குடுக்கோணும். வெள்ளிக்கிழமை பேப்பர் வரும். உன்ரை பட்டமளிப்புக் கவுண் போட்ட படம் எங்கை?"

"அங்கை கவுண் இல்லை அண்ணை. விழாவும் இல்லை. பேப்பரைக் கையில தருவினம், இல்லாட்டித் தபாலில வரும்."

அந்த ஒன்று மட்டும் உண்மை. அண்ணைக்கு ஜேர்மன்காரர்மேல் கோபம் வந்தது. "எட்டு வருசம் படிச்ச பிள்ளைக்கு ஒரு கவுண் போட்டுவிட ஏலாதோ?" என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை, மாலை 5.00

கவுண் இல்லாவிட்டால் என்ன, அண்ணை வழி கண்டுபிடித்துவிட்டார். சேலைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஸ்ரூடியோ. கலியாண நாற்காலி, பிறந்தநாள் பலூன் பின்திரை, இவற்றோடு ஒரு பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் வைத்திருக்கிறார்கள். பெரிய படம் ஒன்றும் சின்னப் படம் நாலும் இருபத்தைந்து டொலர், அங்கிக்குத் தனியாக ஐந்து.

"ஜேர்மன்காரர் குடுக்காட்டியென்ன, நாங்கள் குடுப்பம்" என்று ஸ்ரூடியோக்காரர் அங்கியை மாட்டிவிட்டார். அது பூச்சி உருண்டை மணத்தது. நீல நிறத்தில் கழுத்துப் பட்டி. கையில் பிடிக்க, வெள்ளைத்தாளைச் சுருட்டிச் சிவப்பு ரிபனால் கட்டிய ஒரு சுருள் தந்தார்.

"வெறும் பேப்பரோ?" என்றார் அண்ணை. "தம்பி, ஒறிஜினல் கொண்டந்தனியெல்லே? அதைப் பிடி. பொய்ப் பேப்பர் வேண்டாம்."

கழற்றிய கோட் அவருடைய கையில்தான் இருந்தது. உட்பையில் தொட்டுப் பார்த்துக் கடிதத்தை எடுத்தார். விரித்தார். அண்ணைக்கு ஜேர்மன் மொழி தெரியாது. தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர், கீழே வட்ட முத்திரை, நடுவே என் முழுப் பெயர். என் பெயரின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு அந்தக் கடிதத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மடிப்பு விழாத பக்கமாகச் சுருட்டி, ரிபனைத் தானே கட்டி, என் கையில் வைத்தார்.

நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அது. பரீட்சையில் தவறியதைச் சொல்லவில்லை. அந்த அரை நிமிடம் வாய் மூடி நின்றதைச் சொல்கிறேன்.

"கொஞ்சம் சிரியுங்கோ, பட்டதாரி!" என்றார் ஸ்ரூடியோக்காரர். வெளிச்சம் மூன்று தடவை வெட்டியது.

கீழே வந்து வானில் ஏறினோம். அண்ணை சாவித்துவாரத்தில் திறப்பைப் போட்டார், திருப்பவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் பாஸ் பண்ணேல்லை."

"எதை?"

"கடைசிச் சோதனையை. ரெண்டு தரமும்."

"அப்ப திரும்ப எடன்."

"இனி ஏலாது. அங்கை ஒரு யூனிவேர்சிற்றியிலயும் என்னைப் பௌதிகம் படிக்க விடமாட்டினம்."

"அப்ப அந்தக் கடிதம்?"

"அதிலதான் அது எழுதியிருக்கு."

வாகனத் தரிப்பிடத்தில் சாமான் வண்டிகளை ஒருவர் ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முழு வரிசையையும் அடுக்கி முடிக்கும்வரை அண்ணை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதைக் கண்ணில ஒத்தினனான்" என்றார் பிறகு. "நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

வானை எடுத்தார்.

புதன்கிழமை, மாலை 7.20

மூன்றரைக்கு வேலை முடிகிற மனிதர் ஏழு இருபதுக்கு வந்தார். எங்கே போனார் என்று சொல்லவில்லை. விளம்பரத்துக்கான நேரம் ஆறு மணியோடு முடிந்துவிட்டிருந்தது. நிறுத்தினாரா, விட்டுவிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. சாப்பிட்டார், அபிராமிக்குக் கணக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார், படுத்துவிட்டார்.

பாத்திரம் துடைக்கையில் அண்ணி சொன்னார்: "நேற்று ராத்திரி எனக்கு எல்லாம் சொன்னவர். ஃபக்டரியில ஒருத்தர் மிச்சமில்லாமல் சொல்லி வைச்சிருக்கிறார், தம்பி. வெள்ளிக்கிழமை பேப்பர் கொண்டந்து காட்டுறனெண்டு வேற சொன்னவர்."

"இப்ப என்ன செய்யப்போறார் அண்ணி?"

"ஆருக்குத் தெரியும். இண்டைக்கு அந்தாள் என்னோடயும் கதைக்கேல்லை."

வியாழக்கிழமை முழுவதும் பல்கனியில் இருந்தேன். ஒன்பது மாடி உயரத்தில் இருந்து பார்த்தால் மல்வேர்னில் மரங்கள்தான் அதிகம் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எத்தனை பஸ் போனதென்று தெரியாது. எண்ணும் மனநிலையில் நான் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை 11.00

தமிழ்க் கடைக்குத் தனியே நடந்து போனேன். ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். வாசலில், இராசவள்ளிக் கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கட்டு. ஒன்றை எடுத்து அங்கேயே நின்று புரட்டினேன். நகைக்கடை, வீடு விற்பனை முகவர், மரண அறிவித்தல், பூப்புனித நீராட்டு விழா. பதினேழாம் பக்கத்தில் கீழ் அரைப் பக்கம்.

அங்கி இல்லை, சுருள் இல்லை. வரவேற்பறைச் சுவரில் தொங்கிய பழைய படம் இருந்தது. வெள்ளைச் சேர்ட்டில் விறைத்துப்போய் நிற்கும் இரண்டு பொடியன்கள்.

"பதினொரு வருடங்களின் பின் எங்களிடம் வந்திருக்கும் எங்கள் அன்புத் தம்பி ரவீந்திரனை வரவேற்கிறோம்." கீழே அண்ணை, அண்ணி, அபிராமி, மல்வேர்ன்.

கிழங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரர் வெளியே வந்து, "என்ன, ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று விசாரித்தார். பாவம், அவர் மரண அறிவித்தல் பக்கம் என்று நினைத்துவிட்டார்.

அன்று மாலை அண்ணை வேலையால் வந்து, சாப்பாட்டுப் பையில் இருந்து அதே பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டார்.

"கொண்டுபோய்க் காட்டினனான்."

"என்ன சொன்னவை?"

"சோதனை சரிவரேல்லை எண்டு சொன்னன். பிறகு படத்தைப் பாத்திட்டு, அப்ப உனக்குத் தலைமயிர் இருந்ததோ எண்டு கேட்டாங்கள்."

மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தோம். தேத்தண்ணியோடு பல்கனியில் இருந்தோம். இன்னும் வெயில் இருந்தது. "அவன் என்ன கேட்டவன்?" என்றார். பேராசிரியரைத்தான் சொன்னார். பத்திரிகை ஓரத்தில் பேனையால் இரண்டு சுவர் கீறி, நடுவே ஒரு புள்ளி வைத்தேன். ஒரு சுவரைப் பதித்துக் கீறினேன். கேள்வியைச் சொன்னேன். அண்ணை நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உது தெரியாது" என்றார். "ஆனால் எங்கடை மெஷினில அச்சின்ரை ஒரு பக்கம் பதிஞ்சால், பிளாஸ்ரிக் அந்தப் பக்கத்தால கொஞ்சம் கசியும். உதுவும் கசியுமோ?"

"ஓம் அண்ணை. கசியும்."

அதுதான் விடை. பேராசிரியர் எதிர்பார்த்தது அந்த ஒரு வசனத்தைத்தான். அண்ணைக்குச் சந்தோசம் வரவில்லை. பேனையை வாங்கி மூடி, என் சட்டைப் பையில் செருகினார்.

"சைக்கிளில வைச்சு உன்னைப் பாடமாக்க வைச்சவன் நான்தானே" என்றார். "யோசிக்க விடேல்லை."

அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.30

விமானம் ஆறே முக்காலுக்கு. அபிராமி கார்ட்டூன் படம் ஒட்டிய ஒரு கடித உறை தந்தாள். அண்ணி மிளகாய்த்தூள் இரண்டு கிலோ கட்டித் தந்தார். வரவேற்பறையில் அந்த ஆணி வெறுமையாகவே இருந்தது. அதைப் பிடுங்கவில்லை, அதில் எதையும் மாட்டவும் இல்லை.

நான் படித்த துறையில் எவரையும் வழியனுப்பும் வழக்கம் கிடையாது. அறைத் திறப்பைக் காவலாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது. ஆய்வுகூடத் திறப்பை நான் கொடுத்த அன்று காவலாளி காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது குறையில்லை, அது அவர்களுடைய முறை. எட்டு வருடம் அந்த முறைக்குள் வாழ்ந்தேன், அங்கே எவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. ரொறன்ரோவில் எட்டு நாள் இருந்தேன். இங்கே வழியனுப்ப முழு வீடும் வானில் ஏறி வந்து, விமான நிலையத்தில் பயணிகளை மட்டும் உள்ளே விடும் கதவடியில் நின்றது.

அந்தக் கதவடியில் அண்ணை என் கோட்டின் கொலரைச் சரிசெய்தார். உட்பையின் மேல் அவருடைய கை ஒரு கணம் நின்றது. கடிதம் இப்போதும் அங்கேதான் இருந்தது, ரிபன் கட்டிய சுருக்கங்களோடு.

"இனி என்ன செய்யப்போறாய்?"

ஒரு நல்ல பதில் என்னிடம் தயாராக இருந்தது. வேறு துறை, வேறு நகரம், இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று விமானத்தில் வரும்போதே பாடமாக்கி வைத்திருந்தேன். முதல் வரியைத் தொடங்க வாய் எடுத்தேன். நிறுத்தினேன்.

"தெரியாது, அண்ணை."

அவர் கொலரில் இருந்து கையை எடுத்தார்.

"உப்பிடி அண்டைக்கே அவனிட்டைச் சொல்லியிருந்தால், நீ பாஸ் பண்ணியிருப்பாய்" என்றார். பிறகு என் கைப்பையை வாங்கி, கதவுக்கு முன்னால் நின்ற வரிசையில் தானே கொஞ்சத் தூரம் தூக்கிக்கொண்டு வந்தார்.